திருவரங்கத்து ஆரோக்கியசாலை முதல் இல்லம் தேடிவரும் இயன்முறை வரை: மூப்பின் ஊன்தேய்வும் பக்கவாத மீட்சியும் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பக்கவாதத்தால் வீழ்ந்த முதியவர் மீண்டெழுவதில் மூளையின் பங்கு விரிவாகப் பேசப்படுகிறது. அவருடைய தசை முன்னரே எவ்வளவு தேய்ந்திருந்தது என்னும் வினா அண்மைக் காலத்தில்தான் மருத்துவ உலகின் கவனத்தைப் பெற்றுள்ளது. தமிழகத்தில் முதுமை, வாதநோய், நோயாளர் பராமரிப்பு ஆகியவை குறித்து இலக்கியமும் கல்வெட்டும் மருத்துவ நூல்களும் தரும் செய்திகளைத் திருவரங்கத்தையும் திருச்சிராப்பள்ளியையும் மையமாகக் கொண்டு இக்கட்டுரை தொகுத்து நோக்குகிறது. பழைய நிறுவனங்கள் மருந்து, உணவு, பணியாளர் ஆகிய மூன்றையும் ஒருங்கே நிலைநிறுத்தின என்பதும், இன்றைய மீட்சி மருத்துவம் வலியுறுத்தும் கூறுகளுள் இரண்டு அவற்றுள் அடங்கும் என்பதும், எனினும் பழமைக்கு இன்றைய அறிவை ஏற்றிக் கூறுதல் பொருந்தாது என்பதும் இதன் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: திருவரங்கம், ஆரோக்கியசாலை, ஆதுலசாலை, பக்கவாதம், ஊன்தேய்வு, தொக்கணம், இயன்முறை மருத்துவம், பத்தியம்

முன்னுரை

காவிரியும் கொள்ளிடமும் அணைத்துக் கிடக்கும் தீவில் அமைந்த திருவரங்கம், ஏழு திருச்சுற்றுகளைக் கொண்ட கோயில் நகரம். அதன் வெளிச்சுற்றுகளில் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். அரங்கன் திருவடியில் இறுதிக்காலத்தைக் கழிக்க விரும்பி முதியோர் வந்து தங்கும் ஊராகவும் இது நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஆற்றுக்குத் தெற்கே மலைக்கோட்டையைச் சூழ்ந்து விரிந்த திருச்சிராப்பள்ளி, இப்பகுதியின் மருத்துவ மையம். முதுமையும் மருத்துவமும் பக்கத்தில் பக்கத்தில் அமைந்த இவ்விணை நகரங்கள், மூப்பினால் வரும் உடல்தேய்வைத் தமிழர் எவ்வாறு கண்டனர் என்பதை ஆராய ஏற்ற களமாகும்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் அறுபது வயதைக் கடந்தோர் 10.4 விழுக்காட்டினர், இந்திய அளவில் இது 8.6 விழுக்காடு. முதியோர் பெருகும் சமூகத்தில் பக்கவாதத்தால் தாக்குண்டு உயிர்பிழைப்போரும் பெருகுவர். உயிர்பிழைத்தோர் மீண்டும் எழுந்து நடப்பாரா, தம் கையால் உண்பாரா என்பது குடும்பத்தின் வாழ்வையே தீர்மானிக்கும் வினா. இவ்வினாவுக்கு வரலாறு நேரடியான மருத்துவ விடை தருவதில்லை. ஆயினும் ஒரு சமூகம் நோயாளரைத் தாங்க எவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்தியது என்பதையும், எச்சொற்களால் அந்நோயை விளங்கிக்கொண்டது என்பதையும் அது காட்டும். அச்சொற்களும் பழக்கங்களும் இன்றைய நோயாளரின் படுக்கையருகிலும் நிற்பதால் இவ்வாய்வு தேவையாகிறது.

இலக்கியம் காட்டும் மூப்பு

மூப்பைத் தமிழ் இலக்கியம் பெரும்பாலும் செயலிழப்பின்வழிக் காட்டுகிறது. புறநானூற்றின் 243ஆம் பாடலைப் பாடியவர் தொடித்தலை விழுத்தண்டினார். பூண் பொருத்திய ஊன்றுகோலைக் குறிக்கும் அப்பாடலின் தொடரே அவருக்குப் பெயராயிற்று. நீரோடு தாழ்ந்த மருதமரக் கிளையேறி ஆழ்ந்த மடுவில் குதித்து, அடிமணலை அள்ளி வந்து காட்டிய இளமையையும், கோலூன்றி இருமலுக்கிடையே சில சொற்களே பேச இயலும் முதுமையையும் அப்பாடல் அருகருகே வைக்கிறது. நரை, திரை ஆகிய புறத்தோற்றங்களைக் காட்டிலும் இழந்த ஆற்றலே அங்கு முதுமையின் அளவுகோலாகிறது.

திருமங்கையாழ்வாரின் பெரிய திருமொழியில் முதற்பத்தின் மூன்றாம் திருமொழி வதரி என்னும் திருப்பதியைப் பற்றியது. கோலைத் துணையாகக் கொண்டு குனிந்து நடத்தல், இடையிடையே அமர்ந்து இளைப்பாறல், இருமலால் வருந்துதல் என முதுமையின் நிலைகளை அடுக்கி, அந்நிலை வருமுன் வதரியை வணங்குமாறு அது நெஞ்சை வேண்டுகிறது. திருவரங்கத்தில் மதிற்பணி செய்தவராக வைணவ மரபு போற்றும் ஆழ்வார் இவர். மார்கழி விழாவின் பகற்பத்து நாள்களில் அவருடைய திருமொழி அரங்கன் திருமுன் ஓதப்படுகிறது. எனவே நடை தளர்ந்த முதுமையின் அக்காட்சி திருவரங்கத்தாருக்கு ஆண்டுதோறும் செவியில் விழும் காட்சியாகும்.

இவ்விரு பாடல்களும் மருத்துவம் பேசவில்லை. ஒன்று இரங்கலாகவும் மற்றொன்று பத்தியின் தூண்டுதலாகவும் அமைந்தவை. ஆயினும் நடையின் விரைவு, அமர்ந்தெழும் ஆற்றல், ஊன்றுகோலின் தேவை ஆகியவற்றால் மூப்பை மதிப்பிடும் பார்வை இரண்டிலும் உண்டு. இன்றைய மருத்துவமும் தசையின் முதுமையை ஏறத்தாழ இவற்றையே கொண்டு அளக்கிறது என்பது பின்னர் விளங்கும்.

வாதம்: சொல்லும் பொருளும்

மூளையின் குருதிக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ நேரும் தாக்குதலை இன்றைய தமிழ் பக்கவாதம் என்கிறது. பாரிசவாயு என்னும் வழக்கும் உண்டு. இரண்டுமே காரணத்தைக் குறிக்காமல் விளைவைக் குறிப்பவை. உடலின் ஒரு பக்கம் செயலிழத்தலைச் சித்த, ஆயுர்வேத மரபுகள் வாதத்தின் கேடாகக் கொண்டன. நோயின் இருப்பிடம் மூளை என்னும் கருத்தை இப்பெயர்கள் உணர்த்துவதில்லை.

யூகி வைத்திய சிந்தாமணி வாதநோய்களை எண்பது என வகுக்கிறது. இத்தொகுதிக்குள் உடலின் பக்கம் விழுதலும் நடுக்கமும் மூட்டு வீக்கமும் அடங்குகின்றன. இன்றைய வகைப்பாட்டில் நரம்பியல், மூட்டியல் எனப் பிரிந்து நிற்கும் நோய்கள் அங்கு ஒரே குடும்பத்தின. ஆகவே பழைய ஏட்டில் வாதம் என்னும் சொல்லைக் காணுமிடமெல்லாம் மூளைத் தாக்குதலைக் காண்பது பிழையாகும். 'வாதத்துக்கு மருந்து' என்னும் குறிப்பு எந்நோயைச் சுட்டுகிறது என்பதை அதன் குறிகுணங்களைக் கொண்டே முடிவு செய்தல் வேண்டும்.

மூப்புக்கும் வாதத்துக்கும் உள்ள தொடர்பில் இரு மரபுகளும் வேறுபடுகின்றன. ஆயுர்வேதம் இளமையைக் கபத்துக்கும் நடுவயதைப் பித்தத்துக்கும் முதுமையை வாதத்துக்கும் உரியதாக்கும். வறட்சியும் மெலிவும் நடுக்கமும் வாதத்தின் இயல்புகள் ஆதலின் முதுமை அதற்குரியதாயிற்று. சித்த மரபோ நூறாண்டு வாழ்வை 33 ஆண்டு 4 மாதம் கொண்ட மூன்று கூறுகளாக்கி, முதற்கூற்றை வாதத்துக்கும் இடைக்கூற்றைப் பித்தத்துக்கும் இறுதிக்கூற்றை ஐயத்துக்கும் அளிக்கிறது. வாதம் ஆக்கும் ஆற்றல், பித்தம் காக்கும் ஆற்றல், ஐயம் ஒடுக்கும் ஆற்றல் என்பது அதன் கோட்பாடு. இரண்டையும் 'இந்திய மருத்துவம்' என ஒன்றாக்கிப் பேசுவோர் இவ்வேறுபாட்டைத் தவறவிடுகின்றனர்.

தசையைக் குறிக்கும் சொல்லிலும் தனிக் கவனம் தேவை. சித்த மருத்துவம் உடற்கட்டுகள் ஏழனுள் சாரம், செந்நீர் ஆகியவற்றை அடுத்து ஊனை வைக்கிறது. கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் அல்லது சுரோணிதம் என்பன அதன்பின் வருவன. ஊன் குறைந்தால் மூட்டுகளில் நோவும், தாடை, பிட்டம், தொடை ஆகிய இடங்களில் மெலிவும் தோன்றும் என்பது அம்மரபின் கூற்று. தொடையும் பிட்டமும் உடலின் பெருந்தசைகள் அமைந்த இடங்கள்; எழுதலும் நடத்தலும் அவற்றைச் சார்ந்தவை. தேய்வைப் புலப்படுத்தும் இடங்களை அம்மரபு கூர்ந்து நோக்கியிருந்தது என இதனால் கொள்ளலாம். அத்தேய்வைத் தனி நோயாக அது வகுத்தது என்று கொள்ள இது போதாது.

கல்வெட்டுகளில் ஆதுலசாலை

நோயாளரைத் தங்கவைத்துப் பேணும் நிறுவனத்தைச் சோழர் கல்வெட்டுகள் ஆதுலசாலை என்கின்றன. ஆதுலர் என்பது நோயுற்றோரையும் வறியோரையும் குறிக்கும் சொல். முதலாம் இராசராசனின் தமக்கை குந்தவை, தம் தந்தையின் பெயரால் தஞ்சையில் அமைந்த சுந்தரசோழ விண்ணகர ஆதுலசாலைக்கு அறக்கொடை அளித்த செய்தி கல்வெட்டால் அறியப்படுகிறது. மருத்துவருக்கு விடப்பட்ட நிலம் வைத்தியபோகம், மருத்துவக்காணி எனப் பெயர் பெற்றது.

இவற்றுள் விரிவான செய்தி தருவது, பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகியவை கூடுமிடத்தில் உள்ள திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிற் கல்வெட்டு. வீரராசேந்திரனின் (1063–1070) ஆட்சியில் பொறிக்கப்பட்ட இது, வீரசோழன் என்னும் பெயர் தாங்கிய ஆதுலசாலையில் 15 படுக்கைகள் இருந்தமையைக் கூறுகிறது. மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் ஆவார். அவருடன் அறுவை மருத்துவம் செய்வோர் ஒருவரும், மூலிகையும் விறகும் கொணர்ந்து மருந்து அட இருவரும், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவரும், நாவிதர் ஒருவரும், நீர் கொணர்வோர் ஒருவரும் இருந்தனர். நோயாளருக்கு நாள்தோறும் அரிசியும், இரவில் எரியும் விளக்குக்கு எண்ணெயும் வரையறுக்கப்பட்டன. கோயிலில் பணிபுரிந்தோரும் அங்கிருந்த கல்விச்சாலையின் மாணவரும் இதன் பயனாளிகள். ஆகவே இதை எல்லார்க்கும் திறந்த பொது மருத்துவமனையாகக் கருதுவது பொருந்தாது.

ஓராண்டுக்கு இருப்பு வைக்கவேண்டிய மருந்துகள் ஏறத்தாழ இருபது அங்குப் பட்டியலிடப்பட்டுள்ளன. அவற்றுள் பலாகேரண்ட தைலமும் லசுநாத்யேரண்ட தைலமும் இவ்வாய்வுக்கு உரியவை. முன்னது சிற்றாமுட்டி இனத்தையும் ஆமணக்கையும், பின்னது பூண்டையும் ஆமணக்கையும் அடிப்படையாகக் கொண்ட எண்ணெய்கள். இம்மூன்று மூலப்பொருள்களையும் மருத்துவ நூல்கள் வாதத்தைத் தணிப்பனவாகவே கூறும். ஆயுர்வேதத்தில் பக்கவாதத்துக்கு எண்ணெயிடுதலும் வியர்ப்பித்தலும் பேதியும் விதிக்கப்பட்டுள்ளன. ஆமணக்கு எண்ணெய் பூச்சுக்கும் பேதிக்கும் பயன்படுவது. பதினைந்து படுக்கைகளே கொண்ட ஒரு சாலையில் வாதத்துக்கான எண்ணெய்கள் ஆண்டிருப்பாக வைக்கப்பட்டமை, வாதநோயர் அங்கு வழக்கமாக எதிர்பார்க்கப்பட்டனர் என்பதைக் காட்டுகிறது.

திருவரங்கத்து ஆரோக்கியசாலை

திருவரங்கம் கோயிலில் தன்வந்திரிக்குத் தனிச் சன்னிதி உண்டு. அதன் வரலாறு ஆரோக்கியசாலை ஒன்றன் வரலாற்றோடு பிணைந்தது. சக ஆண்டு 1415, அதாவது பொது ஆண்டு 1493க்குரிய கல்வெட்டு இதற்குச் சான்று. ஹொய்சளர் காவிரிக்கரையில் ஆதிக்கம் செலுத்திய காலத்தில், 1257இல் சிங்கண்ண தண்டநாயகர் இக்கோயிலில் ஆரோக்கியசாலை ஒன்றை நிறுவி நிலக்கொடை வழங்கினார். அதன் பொறுப்பு கருடவாகன பண்டிதரிடம் விடப்பட்டது. படையெடுப்புக் காலத்தில் சிதைவுற்ற அதனை, அம்மரபில் வந்த சீனிவாசன் என்னும் திருவரங்கம் கருடவாகன பட்டர் புதுப்பித்துத் தன்வந்திரியையும் எழுந்தருளுவித்தார்.

இக்கல்வெட்டின் காலப்பின்னணி நோக்கத்தக்கது. 1311இலும் 1323இலும் தில்லிப் படைகளால் திருவரங்கம் தாக்குண்டது. அரங்கனின் உற்சவத் திருமேனியே ஊர்விட்டு ஊர் கொண்டு செல்லப்பட்டு 1371இல்தான் மீண்டது. கோயிலின் வழிபாடு மீண்ட பின்னரும் ஆரோக்கியசாலை மீள நூறாண்டுக்கு மேலாயிற்று. நிலக்கொடையும் பொறுப்பாளரும் அற்றுப்போனால் மருத்துவ நிறுவனம் எவ்வளவு எளிதில் அழியும் என்பதற்கும், ஒரு குடும்பத்தின் தொழில்மரபு அதனை எவ்வாறு மீட்கக்கூடும் என்பதற்கும் இது சான்று. கருடவாகனர் என்னும் பெயர் தலைமுறை தாண்டித் தொடர்ந்தமையால்தான், திவ்யசூரி சரிதம் இயற்றிய கருடவாகன பண்டிதரின் காலத்தை வரையறுப்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது. வைணவ மரபு அவரை இராமாநுசர் காலத்தவராகக் கருதுகிறது.

தஞ்சை, திருமுக்கூடல், திருவரங்கம் ஆகிய மூன்றையும் ஒருங்கே நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். இவ்வறக்கொடைகள் தனித்த மருந்துக்கு அளிக்கப்பட்டவை அல்ல. இடம், வருவாய், பொறுப்பாளர் ஆகியவற்றையும், திருமுக்கூடலிற்போல விரிவான பதிவு கிடைக்குமிடத்தில் உணவையும் பணியாளரையும் அவை சேர்த்தே வரையறுத்தன. நாள்பட்ட நோய்க்கு நாள்தோறும் ஆள் வேண்டும் என்பதை அவ்வறத்தை நிறுவியோர் உணர்ந்திருந்தனர்.

தொக்கணமும் எண்ணெயும்

சித்த மருத்துவம் உள்மருந்து முப்பத்திரண்டு, புறமருந்து முப்பத்திரண்டு என வகுக்கும். புறமருந்துகளுள் ஒன்று தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என அது ஒன்பது வகைப்படும். இவற்றுள் தட்டலும் பிடித்தலும் அழுத்தலும் தசையைப் பிசைதல் சார்ந்தவை. இழுத்தலும் அசைத்தலும் மூட்டின் இயக்கத்தைப் பேணுபவை. பக்கவாதத்தில் செயலிழந்த கையும் காலும் நாளடைவில் விறைத்து மடங்கிப்போகும் இயல்புடையன. பிறர் கையால் மூட்டுகளை அசைத்துக் கொடுத்தல் இன்றைய இயன்முறை மருத்துவத்திலும் ஒரு கூறு.

இவ்வொப்புமைக்கும் எல்லை உண்டு. தொக்கணத்தில் இயங்குவது மருத்துவரின் கை. நோயாளர் ஏற்பவராக இருக்கிறார். தசை மீளப் பெருகுவதற்கும் மூளை புதிய வழிகளைக் கற்பதற்கும் நோயாளர் தாமே முயன்று, பலமுறை திரும்பச் செய்யும் இயக்கம் வேண்டும் என்பதே நவீன ஆய்வுகளின் முடிவு. எண்ணெய் தேய்த்தல் நோவைத் தணிக்கலாம், உறக்கம் தரலாம். அதுவே போதும் என்று நிறுத்திக்கொள்ளும் இல்லங்களில் நோயாளரின் மீட்சி தடைப்படும்.

நவீன மருத்துவமும் மறுவாழ்வுத் துறையும்

சென்னை மாகாண அரசு அமைத்த முகமது உஸ்மான் குழு 1923இல் நாட்டு மருத்துவ முறைகள் குறித்த அறிக்கையை அளித்தது. 1920களில் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டு, சித்த மருத்துவம் பாடத்திட்டத்துக்குள் வந்தது. திருச்சியில் இதே காலத்தில் தமிழ்ப்பணியோடு சித்த மருத்துவத்தையும் போற்றியவர் முத்தமிழ்க் காவலர் கி.ஆ.பெ. விசுவநாதம் (1899–1994). 'தமிழ் மருந்துகள்' என்னும் நூலை எழுதிய அவருடைய பெயரைத் திருச்சி அரசு மருத்துவக் கல்லூரி தாங்கி நிற்கிறது. மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை அக்கல்லூரியைச் சார்ந்தது.

நரம்பு அறுவை மருத்துவம் 1950இல் பா. இராமமூர்த்தியால் சென்னைப் பொது மருத்துவமனையில் வேரூன்றியது. உயிர்காக்கும் துறை வளர்ந்தபின் மறுவாழ்வுத் துறை தேவைப்பட்டது. அதனை நிலைநாட்டியவர் மேரி வர்கீஸ் (1925–1986). வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அவர், 1954இல் நிகழ்ந்த ஊர்தி விபத்தில் தண்டுவடம் காயமுற்று இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். நியூயார்க்கில் ஹோவர்டு ரஸ்கிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அதற்கெனத் தனித்துறை அமைத்தார். 1966இல் அங்கு மறுவாழ்வு நிலையமும் எழுந்தது. அவருடைய நோய் பக்கவாதம் அன்று. ஆயினும் எஞ்சிய தசையைப் பயிற்றுவித்து வாழ்வை மீட்கலாம் என்னும் கொள்கை தமிழகத்தில் நிறுவன வடிவம் பெற்றது அவரால்தான்.

ஊன்தேய்வு: ஒரு புதிய பெயர்

முதுமையில் தசை குறைவதைக் குறிக்க 1989இல் இர்வின் ரோசன்பெர்க் 'சார்கோபீனியா' என்னும் சொல்லை முன்மொழிந்தார். ஊன், வறுமை என்னும் பொருள் தரும் இரு கிரேக்கச் சொற்களால் ஆனது அது. சித்த மருத்துவத்தின் ஊன் என்னும் உடற்கட்டோடு பொருந்துவதால் 'ஊன்தேய்வு' என்பது அதற்கு ஏற்ற தமிழாக்கமாகும். 2010இல் ஐரோப்பியக் குழுவும் 2014இல் ஆசியக் குழுவும் இதற்கு வரையறை வகுத்தன. ஆசியக் குழு 2019இல் திருத்திய வரையறைப்படி, கைப்பிடி வலிமை ஆணுக்கு 28 கிலோகிராமுக்கும் பெண்ணுக்கு 18 கிலோகிராமுக்கும் குறைதல் வலிமைக் குறைவு. நொடிக்கு ஒரு மீட்டருக்குக் குறைந்த நடையும், நாற்காலியிலிருந்து ஐந்துமுறை எழுந்தமர 12 நொடியோ அதற்கு மேலோ ஆதலும் செயல்திறன் குறைவு. தொடித்தலை விழுத்தண்டினாரும் திருமங்கையாழ்வாரும் மூப்பைக் கண்ட அதே நடையும் எழுகையும் இங்கு எண்களாகியுள்ளன.

முப்பது வயதுக்குப் பின் பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு தசை குறைவதாகவும், அறுபதுக்குப் பின் இது விரைவதாகவும் பொதுவாக மதிப்பிடப்படுகிறது. விரைந்து சுருங்கும் தசைநார்களே மிகுதியாகத் தேய்கின்றன. கால் இடறும்போது விழாமல் தாங்குபவை அவை. இத்தேய்வின்மீது பக்கவாதம் விழும்போது சேதம் இரட்டிக்கிறது. மூளையின் கட்டளை நின்றமையால் ஒரு பக்கத் தசை வாளாவிருக்கிறது. படுக்கையால் மறுபக்கமும் மெலிகிறது. விழுங்க இயலாமையால் உணவு குறைகிறது. அழற்சி தசைப் புரதத்தைக் கரைக்கிறது. நோயற்ற முதியோர் 12 பேரைப் பத்துநாள் படுக்கையில் வைத்து 2007இல் வெளியான ஆய்வொன்றில், கால்களின் தசைத்திசு மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் குறைந்தது. நோயற்றவர்க்கே இந்நிலை எனின் பக்கவாதம் தாக்கிய முதியவரின் நிலையைக் கூறவேண்டியதில்லை.

மீட்சிக்கும் சான்று உண்டு. 1994இல் மரியா ஃபியாதரோனே குழுவினர் சராசரி வயது 87 ஆன முதியோர் இல்லத்தார் நூறு பேரிடம் செய்த ஆய்வில், பத்து வாரம் எடைதூக்கிப் பயின்றோரின் தசைவலிமை இருமடங்குக்கு மேலாயிற்று. பயிற்சியின்றிச் சத்துணவு மட்டும் பெற்றோரிடம் அப்பயன் காணப்படவில்லை. தொண்ணூறை எட்டும் தசையும் பயிற்சிக்குச் செவிசாய்க்கும் என்பது அதனால் உறுதியாயிற்று.

எனினும் விரைவும் மிகுதியும் எப்போதும் நன்மை பயப்பன அல்ல. ஐந்து நாடுகளில் 2104 நோயாளரைக் கொண்டு நடத்தப்பெற்று 2015இல் வெளியான ஆய்வு, தாக்குதல் நேர்ந்த 24 மணிக்குள் மிகுதியாக எழுப்பி நடத்தப்பட்டோரிடம் நற்பயன் சற்றுக் குறைந்ததைக் காட்டியது. ஆகவே எப்போது, எவ்வளவு என்பதை வரையறுக்கப் பயிற்சி பெற்றவர் வேண்டும்.

குடும்பமும் பயிற்சி பெற்றவரும்

இந்தியாவில் இயன்முறை மருத்துவர் எல்லா நோயாளர்க்கும் கிட்டுவதில்லை. ஆதலின் குடும்பத்தாரையே பயிற்றுவித்தால் என்ன என்னும் வினா எழுந்தது. இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளரிடம் இது சோதிக்கப்பட்டு 2017இல் முடிவு வெளியானது. ஆறு மாத இறுதியில் இறந்தோரும் பிறரைச் சார்ந்திருந்தோரும் இரு பிரிவிலும் 47 விழுக்காட்டினர். குடும்பத்தார் பெற்ற பயிற்சி வழக்கமான பராமரிப்பைக் காட்டிலும் மிகுபயன் தரவில்லை. மாறாக, அமெரிக்காவில் 408 நோயாளரிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், இயன்முறை மருத்துவர் இல்லத்துக்கே சென்று அளித்த வலிமை, சமநிலைப் பயிற்சிகள், மருத்துவ நிலையத்தின் ஓடுபொறிப் பயிற்சிக்கு ஈடாக நின்றன. இவ்விரு ஆய்வுகளும் நாடு, நோயாளர் நிலை, அளவுகோல் ஆகியவற்றால் வேறுபட்டவை. ஒன்றோடொன்று நேராக ஒப்பிடத்தக்கன அல்ல. எனினும் இடத்தைவிட ஆளே முக்கியம் என்னும் கருத்துக்கு இவை இடந்தருகின்றன.

இப்பின்னணியில் 2021 ஆகஸ்டு 5 அன்று தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வரலாற்று முறையில் குறிப்பிடத்தக்கது. குருதியழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளோடு இயன்முறை மருத்துவமும் இல்லம் தேடி வருமாறு அது அமைந்தது. குருதியழுத்தமே பக்கவாதத்தின் தலையாய காரணம் ஆதலின், தடுத்தலும் மீட்டலும் ஒரே திட்டத்துள் அடங்கின. திருமுக்கூடலில் நோயாளர் சாலைக்கு வந்தனர். இங்குப் பணியாளர் நோயாளரின் வாயிலுக்குச் செல்கின்றனர். ஊதியம் பெறும் பணியாளரை நாள்பட்ட நோயருக்கென ஒதுக்குதல் என்னும் கொள்கை இரண்டுக்கும் பொது. கோயிலைச் சார்ந்தோருக்கு மட்டும் உரியதாயிருந்த அவ்வுதவி குடிமக்கள் அனைவருக்கும் உரியதாக விரிந்தமையே இடைப்பட்ட ஒன்பது நூற்றாண்டுகளின் மாற்றம்.

பத்தியமும் புரதமும்

மரபும் நவீன அறிவும் இன்று நேருக்கு நேர் சந்திக்கும் இடம் உணவு. முதியோர் நாளொன்றுக்கு உடல் எடையின் கிலோகிராமுக்கு 1.0 முதல் 1.2 கிராம் புரதம் பெறவேண்டும் என 2013இல் வல்லுநர் குழு பரிந்துரைத்தது. நோயுற்றோர்க்குத் தேவை இன்னும் கூடும்; சிறுநீரகம் பழுதுற்றோர் மட்டும் மருத்துவர் வரையறுத்த அளவைக் கொள்ளல் வேண்டும். இதன்படி 60 கிலோகிராம் எடையுள்ள முதியவருக்கு 60 முதல் 72 கிராம் புரதம் தேவை. புலால் உண்ணாத இல்லங்களில் இதனைத் தரவேண்டியவை பருப்பும் பாலும் தயிருமே. நூறு கிராம் உளுந்திலோ பாசிப்பயற்றிலோ ஏறத்தாழ 24 கிராம் புரதம் உண்டு.

ஆனால் வாதம் என்றவுடன் வாயுப்பொருள்கள் ஆகா என்று பருப்பையும் கடலையையும் விலக்கும் வழக்கம் பல இல்லங்களில் உண்டு. பெயரிலுள்ள வாயு உணவிலுள்ள வாயுவோடு இணைக்கப்படுகிறது. கஞ்சியும் இரசச் சோறுமே உணவாகும்போது, முன்னரே தேய்ந்த ஊன் மேலும் தேயும். சொல்லின் வரலாறு ஆய்வாளரின் ஏட்டோடு நின்றுவிடாமல் நோயாளரின் தட்டுவரை செல்வது இங்குத்தான்.

மரபு இதற்கு முழுப் பொறுப்பன்று. உளுந்தை ஆயுர்வேதம் வாதத்தைத் தணித்து வலிமை தருவதாகக் கூறுகிறது. பக்கவாதத்துக்குரிய மாஷ தைலத்தின் பெயரே உளுந்தால் வந்தது. சித்த மருத்துவத்திலும் உளுந்துத் தைலம் வாதநோய்க்குரியது. பயறுகளை ஒன்றினின்று ஒன்று வேறுபடுத்திக் குணம் கூறிய நூல்மரபு ஒருபுறம். பருப்பு அனைத்தையும் ஒருங்கே விலக்கும் வழக்காறு மறுபுறம். மரபை மதிக்கும் இல்லத்தாரிடம் பருப்பின் தேவையை எடுத்துரைக்க அந்நூல்மரபே துணைசெய்யும்.

முடிவுரை

மேற்கண்ட செய்திகளால் சில முடிபுகளை எட்டலாம். முதலாவதாக, மூப்பினால் நேரும் வலிமைக்குறைவை நடையாலும் எழுகையாலும் அளக்கும் பார்வை தமிழ் இலக்கியத்தில் பழமையானது. ஊன் குறைதலின் குறிகளைச் சித்த மருத்துவம் பதிந்துள்ளது. எனினும் பக்கவாதத்துக்கு முன்னரே தேய்ந்திருந்த தசை மீட்சியைத் தடுக்கும் என்னும் கருத்து நவீன ஆய்வின் பேறு. அதனைப் பழைய நூல்களுக்கு ஏற்றிக் கூறுதல் அவற்றுக்கும் நீதியாகாது.

இரண்டாவதாக, தஞ்சை முதல் திருவரங்கம் வரை அறக்கொடைகளால் நிலைபெற்ற சாலைகள் மருத்துவத்தை உணவோடும் பணியாளரோடும் வருவாயோடும் சேர்த்தே அமைத்தன. இன்றைய மீட்சி மருத்துவம் கோருபவை சத்துணவும் பயிற்சி பெற்ற ஆளும் நோயாளரின் முயற்சியும். முன்னிரண்டும் பழைய அமைப்பில் வேறு வடிவில் இடம்பெற்றிருந்தன; மூன்றாவது புதியது.

மூன்றாவதாக, வாதம் என்னும் சொல்லின் பரந்த பொருள் இன்றும் பத்தியத்தின் வழியே நோயாளரின் உணவைத் தீர்மானிக்கிறது. அச்சொல்லின் வரலாற்றைத் தெளிவுபடுத்துதல் தமிழாய்வாளர் மருத்துவத் துறைக்கு ஆற்றக்கூடிய பணியாகும். மருத்துவ ஏடுகளில் வாதநோய்க்குரிய உணவு விதிகளைப் பயறுவாரியாகத் தொகுத்து ஒப்பிடுதலும், கோயிற் கல்வெட்டுகளில் நோயாளர் உணவுக்கு விடப்பட்ட கொடைகளை அட்டவணைப்படுத்துதலும் மேலாய்வுக்குரியன. 1257இல் நிறுவப்பட்டுச் சிதைந்து 1493இல் மீண்ட திருவரங்கத்து ஆரோக்கியசாலை, தொடர்ந்து பேணப்படாத மருத்துவம் நிலைக்காது என்பதை உணர்த்துகிறது. பக்கவாதத்தினின்று எழும் முதியவரின் தசைக்கும் இது பொருந்தும்.